முலுண்ட் வந்துவிடும் ஆட்டம்

“நம்ம ரெண்டு பேருக்கும் எண்ட்கேம் ஏன் வரமாட்டேங்கு தெரியுமாக்கா? பாதி ஆட்டத்துல முலுண்ட் வந்துருது. நான் இறங்கிருதேன்.”

மும்பையில் மாலை நேரத்துக் கல்யாண் ஸ்லோ லோக்கல் ரயில், பெண்கள் பெட்டியான லேடீஸ் டப்பா. மாட்டுங்காவில் ஏறிய இருவர் என் எதிர் சீட்டில் ஒரே போனில் செஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். சொன்னவள் இளையவள். மற்றவள் கண்ணாடி போட்டவள், கல்யாண் வரை போகிறவள்.

“ரெண்டு வருஷமா ஒண்ணையும் முடிக்கலையேடி.”

“அதான் இன்னைக்கு எண்ட்கேம்லேருந்தே, ஆட்டத்து முடிவுலேருந்தே ஆரம்பிப்போம். ரெண்டு ராஜா, உங்களுக்கு மட்டும் ஒரு சிப்பாய். அத ராணியாக்கிட்டா நீங்க ஜெயிச்சாச்சு.”

கண்ணாடிக்காரி உடனே சிப்பாயைத் தள்ளினாள்.

“அவசரப்படாதிய. என் ராஜா முன்னால வந்து மறிச்சிரும், டிராதான். மொதல்ல உங்க ராஜா நடக்கட்டும், சிப்பாய் பின்னால வரட்டும்.”

பாண்டுப்பில் டிரா. காய்களை மறுபடி வைத்தார்கள். நாஹூரிலும் டிரா.

“திங்கக்கிழமைலேர்ந்து நான் புனே ஆபீஸ். இனிமே கத்துண்டு என்னடி ஆகப்போறது?”

“அங்க போயி எவகிட்டயும் டிரா பண்ணிட்டு நிக்கக் கூடாது, பாத்துக்கிடுங்க.”

மூன்றாவது தடவை காய்களை வைத்து நாலு நகர்த்தலுக்குள் வண்டி நின்றது.

“முலுண்ட் வந்துடுத்துடி. எழுந்திரு.”

இளையவள் காலை மடக்கி, இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டாள்.

“நீங்க ராஜாவ நடத்துங்கக்கா. தாணேல இறங்கித் திரும்பி வந்துக்கிடுதேன்.”

தாணே வந்தபோது சிப்பாய்க்கு இன்னும் இரண்டு கட்டம் பாக்கி இருந்தது. இருவருமே தலை நிமிரவில்லை.