இரவல் கட்டிலும் அரசாங்க அனுமதியும்

— ஆடாம இருங்க மிஸ். தோணி ஆடல்ல, நீங்கதான் ஆடுறீங்க.

— நஸீர் காக்கா, இந்தத் தோணிக்கு லைசென்ஸ் இருக்குதானே?

— நல்ல கேள்வி. பலகையில நம்பர் அடிச்சிரிக்கி. மூணு பேர் வந்து தட்டிப் பாத்து, எத்தின ஆள் ஏத்தலாம் எண்டு எழுதித் தந்தாங்க. மீன்புடிக்கிற தோணிக்கே அவ்வளவு. அந்தா தெரியிற தீவுல புள்ளைகள அடைச்சி வச்சிரிக்கிற ஊட்டுக்கு எத்தின பேர் தட்டிப் பாத்த?

— அடைச்சு வைக்கிறதில்ல காக்கா. மனநோய் உள்ள பிள்ளைகளைத் தங்க வைச்சு வைத்தியம் பாக்கிற இல்லம் அது. அதுக்கு லைசென்ஸ் குடுக்கலாமா எண்டு பாக்கத்தானே அரசாங்கக் கந்தோரால என்னை அனுப்பினது.

— ம்… பாருங்க, பாருங்க. மிஸ்ஸுக்கு எந்த ஊரு?

— கல்லடி. பேர் கம்சாயினி.

— கல்லடியா? பாலத்தால போய் வாற ஆக்கள். அதுதான் தண்ணிக்குப் பயம்.

— பயமெண்டில்ல… இந்த வாவிக்குள்ள முதலை இருக்கா?

— இரிக்கி. ஆனா அதுக்கு ஒருத்தரும் லைசென்ஸ் குடுக்கல்ல. அதால ஒளிச்சிரிந்துதான் கடிக்கும்.

— என்ன காக்கா, நக்கலா?

— ரெண்டாம் வகுப்புப் படிச்சவனுக்கு என்ன நக்கல். அங்க போய் என்னத்தப் பாப்பீங்க மிஸ்?

— எல்லாத்துக்கும் விதி இருக்கு. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையில மூண்டு அடி. யன்னலால காத்து வரவேணும். நெருப்பணைக்கிற சிலிண்டர், பதிவு செய்த தாதி, கிழமைக்கு ஒருக்கா டொக்டர்…

— புள்ளைக்கும் உம்மாக்கும் இடையில எத்தின அடி?

— என்ன?

— இல்ல… விதியில அதும் இரிக்கா எண்டு கேட்டன்.

— இருக்கு காக்கா. வீட்டு ஆக்கள் கிழமைக்கு ஒருக்கா வந்து பாக்கலாம். மறிக்க ஏலாது.

— அப்ப அந்த விதி இன்னம் தண்ணியக் கடக்கல்ல.

— நீங்க சும்மா கதைக்கிறீங்களா… இல்ல, ஏதும் தெரியுமா?

— தெரியாம? எல்லாம் இந்தத் தோணியிலதானே போற. முந்தாநாள் முழுக்கக் கட்டில் ஏத்தினன். வாடகைச் சாமான்காரன்ட கட்டில். மெத்தையில பொலித்தீன் கழட்டப்படாது. கழட்டினா அவன் திரும்ப எடுக்கமாட்டான்.

— கடவுளே… பிள்ளைகள் அதிலயா படுக்கிறது?

— ஆர் சொன்ன? புள்ளைகள் பாயில. கட்டில் உங்கட கண்ணுக்கு.

— சரி, சிலிண்டராவது அவங்கட—

— அது ஒரு அரிசி மில்லுட சிலிண்டர். ஆரும் பாக்க வந்தா, மில்லுலரிந்து எறங்கி இதுல ஏறும். என்னய விட அதுக்குத் தோணி நல்ல பழக்கம். உங்களப் போல ஆடாது.

— தாதி?

— தையல் கடையில ஒரு புள்ள. வெள்ளை உடுப்பப் போட்டா தாதி. கழட்டினா தையல்.

— டொக்டரும் இரவலா காக்கா?

— டொக்டர் இரவலுக்கும் கிடைக்கமாட்டார். அவர்ர கோட்டு மட்டும் ஆணியில தொங்கும். ‘இப்பதான் போறார்’ எண்டு சொல்லுவாங்க. போன வருசம் பாக்க வந்த ஆபீசர் மாத்தயா அந்தக் கோட்டுக்கு குட்மோணிங் சொல்லாத குறை.

— ஆனா இந்த முறை அப்பிடி நடக்காது. நான் வாறது அங்க ஒருத்தருக்கும் தெரியாது. சொல்லாமப் போய்ப் பாக்கவேணும், அதுதான் விதி.

— சிலிண்டருக்குத் தெரிஞ்சிரிக்கி மிஸ். சிரிப்பு வந்தா சிரிங்க. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.

— சிரிக்கிற விசயமில்ல காக்கா. இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு சாமான் ஏத்துறீங்களே, நீங்களும் கூட்டுத்தானே?

— ஓம்.

— ஓமா?

— ஓம். நான் ஏத்தாட்டி இன்னொருத்தன் ஏத்துவான். பொறகு நான் அந்தப் பக்கம் போறது எப்பிடி?

— உங்களுக்கு அங்க என்ன வேலை?

— மீன்… குசினிக்கு மீன் குடுக்கிற. அத உடுங்க. அங்க பின்பக்கம் ஒரு அறை இரிக்கி. அதப் பாப்பீங்களா?

— எல்லா அறையும் பாப்பன்.

— அதக் காட்டமாட்டாங்க. சாமான் அறை எண்டுவாங்க. உள்ளுக்கு ஒரு புள்ள. ஸகியா எண்டு பேரு. பதினாறு வயசு.

— ஏன் தனிய?

— நித்திர இல்லயாம். கத்துறாளாம். ரெண்டு மாசமா அவட ஆக்கள் ஒருத்தரும் முகம் பாக்கல்ல. பாத்தா நோய் கூடுமாம்.

— அவளை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல்ல?

— கொண்டுதான் போன மிஸ். அங்க புள்ளைகளுக்குத் தனி வார்ட்டு இல்ல, வளந்த பொம்புளையளோடதான் போடணும் எண்டாங்க. உம்மாக்காரி வெளிநாட்டுல. என்ன செய்யிற எண்டு தெரியாம நிக்கக்குள்ளதான் இவங்கட பேர்ப்பலகை கண்ணுல பட்ட. ‘அரசாங்க அனுமதி பெற்றது’ எண்டு பெரிய எழுத்து. வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தன் வாசிச்சிக் காட்டினான். அத நம்பி…

— ஆருக்கு வாசிச்சுக் காட்டினான்?

— …அவட ஆக்களுக்கு.

— ஆனா அப்ப அனுமதியே குடுக்கல்லையே காக்கா! மூண்டு வருசமா விண்ணப்பம் பரிசீலனையில எல்லோ இருந்தது.

— புள்ளைகளும் மூணு வருசமா உள்ளுக்குத்தான் இரிந்த.

— அது… அது கந்தோர் வேலை. மெதுவாத்தான்… காக்கா, துறை அந்தப் பக்கம்தானே? ஏன் இஞ்சால திருப்புறீங்க?

— அங்க தண்ணி வத்திட்டு. தோணி தட்டும்.

— வத்தினா அங்க ரெண்டு தோணி எப்பிடிக் கட்டியிருக்கு? ஐயோ… எங்களைக் கண்டுட்டாங்க. மாலையோட நிக்கிறாங்க. திருப்புங்க காக்கா, பிழையாப் போயிரும்!

— ஒருத்தருக்கும் தெரியாம வாறவங்களுக்கு மாலையா மிஸ்? சொல்லுங்க. நடுத்தண்ணியில ஆருக்கும் கேக்காது.

— லைசென்ஸ் போன கிழமையே ஒப்பம் வைச்சாச்சு காக்கா. பைக்குள்ள இருக்கு, கண்ணாடிச் சட்டம் போட்டு. கந்தோர்ப் பெரியவர்தான் சொன்னார், அதைக் குடுத்திட்டு, பரிசோதிச்ச மாதிரி ரெண்டு படம் எடுத்திட்டு வா எண்டு. எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகல்ல… நான் என்ன செய்ய?

— அது தெரியும் மிஸ். பாக்க வாறவங்களுக்குத் தேத்தண்ணி மட்டும்தான். மாலை, குடுக்க வாறவங்களுக்கு. காலையில அந்த மாலையத் தோணியில ஏத்தக்குள்ளயே விளங்கிட்டு. அதுதான் பின்பக்கம் திருப்பினன். படம்தானே? இதுலரிந்து எடுங்க. அந்தா, யன்னல் கம்பியப் புடிச்சிட்டு நிக்கிறாளே, அவள்தான் ஸகியா, என்ட மகள்ர மகள். கிட்டப் புடிச்சி எடுங்க மிஸ்… எனக்கு இந்தக் கண்ணால அவ்வளவு தூரம் முகம் தெரியாது.