ஐந்தாவதாக அழைத்த பெயர்

உங்கள் நாற்காலி நன்றாக இருக்கிறது. முதுகைத் தாங்குகிறது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடங்களின் மரப்படிகளில் உட்கார்ந்தே பிழைத்தவன் நான். நாற்காலியின் அருமை எனக்குத் தெரியும்.

கூடைப்பந்து பார்ப்பதில்லை என்றீர்கள். பரவாயில்லை, எளிமையாகவே சொல்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் அணிகள் வரிசையாக நின்று, ஆளுக்கொரு புதுப் பையனின் பெயரை அழைக்கும். இதை டிராஃப்ட் என்போம். போன வருடம் மோசமாகத் தோற்ற அணிகளுக்கு முன்வரிசை. எங்கள் லூயிவில் அணி நன்றாகவே தோற்றிருந்தது, ஐந்தாவது இடம் கிடைத்தது. அந்த இடத்தில் யார் பெயரை அழைக்கலாம் என்று சொல்வது என் வேலை. ஊர் ஊராகப் போய்ப் பையன்களைப் பார்த்து, ஒருவனுக்கு ஒரு அட்டை என்று எழுதிவைப்பேன். ஒரு அட்டையையும் நான் கிழித்துப் போட்டதில்லை. அதனால்தான் நீங்கள் கேட்ட அட்டையை உடனே எடுத்துக் கொடுக்க முடிந்தது.

ஜேரியஸ் கில்லரிக்கு வருவதற்கு முன் இன்னொரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வருடத்துக்கு முந்தைய கதை. அவன் இடது முழங்காலில் ஏதோ சரியில்லை என்று அவனுடைய பள்ளிப் பயிற்சியாளர் என் காதில் போட்டார். நான் நேர்மையாக அதை எழுதினேன். அணி அவனை விட்டுவிட்டது. இன்று அவன் வேறொரு நகரத்தில் நட்சத்திரம், முழங்காலும் கல்லுக் கணக்காக இருக்கிறது. ஒவ்வொரு ஜூனிலும் பத்திரிகைகள் பழைய தவறுகளைப் பட்டியல் போடும்போது என் பெயரை மறக்காமல் போடுவார்கள். ஒரு பையனின் உடம்பைப் பற்றி உண்மை சொன்னதற்காகப் பதினோரு வருடம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

ஜேரியஸை முதலில் பார்த்தபோது அவனுக்குப் பதினேழு வயது. இரண்டு வருடம் விடாமல் பின்தொடர்ந்தேன். மற்றவர்கள் பந்தைப் பார்த்து ஓடுவார்கள். இவன் பந்து வரப்போகும் இடத்துக்கு முன்பே போய் நிற்பான். அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன வருடம் ஏப்ரலில் லூசியானாவில் ஓபலூசஸ் ஊரில் அவன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அவன் அம்மா யோலாண்ட் பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் சமைப்பவர். சோற்றின் மேல் பன்றிக்கறிக் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தார். பையன் வெளியே போனதும் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மிஸ்டர் வெண்டல், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க, மிஸ் யோலாண்ட்."

"என் தம்பி ரெனே இருபத்திரண்டு வயசுல போயிட்டான். ஏரியில நீந்திக்கிட்டிருந்தான். மீன் மாதிரி நீந்துறவன். முங்கினான், எழுந்திரிக்கல. இவனும் பதினாறு வயசுல பயிற்சில ஓடும்போது விழுந்தான். வெயில்னு சொல்லிட்டாங்க. இப்ப டாக்டருங்க குடுத்த ஃபாரத்துல, குடும்பத்துல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு செத்தாங்களான்னு கேட்டிருக்கு. தண்ணில முங்குனது அதுல சேருமா?"

நல்ல கேள்வி. படித்த டாக்டர்கள்கூட அவ்வளவு சரியாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அதை எழுத்துல போட்டா முப்பது அணியும் படிக்கும்," என்றேன். "படிச்சிட்டு மிரண்டு ஓடும். பையன் வரிசையில கடைசி, அறுபதாவது இடத்துக்குப் போயிடுவான். நீங்க 'இல்லை'ன்னு போட்டுடுங்க. எங்க டாக்டர் பிரிஸ்கோகிட்ட நானே நேர்ல சொல்லிடறேன். அவர் பாத்துக்குவார்."

"சத்தியமா சொல்வீங்களா?"

"என் சொந்தப் புள்ளையா இருந்தா என்ன செய்வேனோ அதைச் செய்றேன்."

அவர் எழுந்து வந்து என் தோளை அழுத்தினார். இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார். காரில் வந்து உட்கார்ந்ததும் அட்டையில் எழுதினேன். உங்கள் கையில் இருக்கும் அட்டைதான். "தாய்மாமன், 22, ஏரி. பையன், 16, ஓடும்போது விழுந்தான்." அதற்குக் கீழே உள்ளதும் என் கையெழுத்துதான். "சொல்ல வேண்டாம்."

படுக்கவைத்து எடுத்த இதயச் சோதனைகள் எல்லாம் சுத்தமாக வந்தன. சில கோளாறுகள் படுத்திருக்கும்போது தலைகாட்டாது, குடும்பக் கதை தெரிந்தால்தான் டாக்டர் தேடிப்பார்ப்பார் என்று பிறகு சொன்னார்கள். அப்போது எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்கப்போகிறீர்கள். கேட்காமல் இருந்தால் நல்லது.

ஜூனில் பொது மேலாளர் ஓபர்ஹோல்ட் என்னைப் பார்த்து, "வெண்டல், கில்லரியா ப்ரெவிட்டா? ஒரே பேரு சொல்லு," என்றார். கில்லரி என்றேன். ஐந்தாவதாக அவன் பெயரை அழைத்தார்கள். மற்றப் பையன் லூக்காஸ் ப்ரெவிட்டை ஆறாவதாக இருந்த அணி எடுத்துக்கொண்டது. ஓபர்ஹோல்ட் என் கையைக் குலுக்கியபோது பதினோரு வருடச் சுமை இறங்கியது போல இருந்தது.

முதல் பதினைந்து ஆட்டங்களை வைத்து ஒரு புதுப் பையனை எடைபோடக் கூடாது என்பது என் கொள்கை. ஆனால் என் கொள்கையை யார் கேட்கிறார்கள். நவம்பர் முடிவதற்குள் ப்ரெவிட் ஆட்டத்துக்கு இருபத்தொரு புள்ளி எடுத்துக்கொண்டிருந்தான். ஜேரியஸ் ஆறு. எடுத்து எறிந்த பந்தில் மூன்றில் ஒன்றுகூடக் கூடைக்குள் போகவில்லை. முதல் பாதி முடியும் முன்பே முட்டியில் கைவைத்துக் குனிந்து நிற்பான். வானொலியில் காலை முழுக்க இதே பேச்சு. முடிவெட்டப் போன இடத்தில் டெல்பர்ட் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு, "காதையும் எடுத்துடவா வெண்டல்? கண்ணுதான் ஏற்கெனவே போச்சே," என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஓபர்ஹோல்ட் சிரிக்கவில்லை. "உன் புள்ளாண்டான் மாடி ஏறுன கிழவன் மாதிரி மூச்சு வாங்குறான். எனக்கு என்னய்யா வாங்கிக் குடுத்திருக்க நீ?" என்றார்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பையன்கள்தான் பயிற்சி நாட்களில் மூத்தவர்களுக்கு டோனட் வாங்கி வர வேண்டும், அதையும் சின்னப் பெண்குழந்தைகளின் இளஞ்சிவப்புப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு. ஜேரியஸ் எனக்கும் ஒன்று எடுத்துவைப்பான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. ஒருநாள் காலை அந்தப் பையோடு என் மேசைக்கு எதிரே நின்றான்.

"மிஸ்டர் வெண்டல், ஆட்டத்தோட கடைசிக் கால்பகுதியில கண்ணு இருட்டுது. நெஞ்சுக்குள்ள எதோ துள்ளுற மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட போகட்டுமா?"

"அது சுவர்டா," என்றேன்.

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். கல்லூரியில் ஒரு பையன் வருடத்துக்கு முப்பத்தைந்து ஆட்டம் ஆடுவான். இங்கே எண்பத்திரண்டு. பாதி வழியில் உடம்பு வேலைநிறுத்தம் செய்யும். கால் நகராது, கண் மங்கும். சுவரில் முட்டிக்கொண்டான் என்போம். எல்லாப் புதுப் பையன்களும் முட்டுவார்கள், சில வாரத்தில் தாண்டுவார்கள். கூடைப்பந்து உலகில் இதை நம்பாதவர் கிடையாது. அதனால் சுவர் என்று சொன்னால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

சுவர் ஜனவரியில் வரும், பிப்ரவரியில் வரும். நவம்பரில் வராது. முப்பத்தோரு வருடத்தில் நவம்பரில் வந்து நான் பார்த்ததில்லை.

"எல்லாருக்கும் வருமா?" என்று கேட்டான்.

"பெரிய ஆளுங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரமா வரும். டாக்டர்கிட்ட போனா உன்னை மூணு வாரம் உக்கார வெச்சிடுவாங்க. அதுக்கப்புறம் பெஞ்சை விட்டு எந்திரிக்கவே முடியாது. தினமும் காலைல உடம்பு எப்படின்னு கேள்வி கேக்கற அந்த டேப்லெட்டுல தலைசுத்தல்னு வந்தா 'இல்லை'யைத் தொடு."

"சரிங்க, மிஸ்டர் வெண்டல்." டோனட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து ஐம்பத்தொரு நாள் 'இல்லை'யைத் தொட்டிருக்கிறான். நீங்கள் அந்தப் பதிவுகளைப் பார்த்திருப்பீர்கள். சொன்ன சொல் தட்டாத பையன்.

கிறிஸ்துமஸுக்கு முன் யோலாண்ட் தொலைபேசியில் அழைத்தார்.

"டிவில பாத்தேன், மிஸ்டர் வெண்டல். என் புள்ள முகம் சாம்பல் பூத்துக் கிடக்கு. டாக்டர்கிட்ட ரெனே விஷயம் சொன்னீங்கல்ல?"

"அப்பவே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. பையன் டெர்பி பந்தயக் குதிரை மாதிரி இருக்கான், அம்மாவை நிம்மதியாத் தூங்கச் சொல்லுன்னாரு."

"கடவுள் உங்களை நல்லா வெச்சிருக்கணும்," என்றார். நிஜமாகவே அப்படிச் சொன்னார். அந்த அம்மாவுக்கு அன்று நிம்மதி கொடுத்தேன் என்றுதான் நினைத்தேன். இன்றும் சில நாள் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை, விடுமுறை நாள். மதிய ஆட்டம். எதிரணி ப்ரெவிட்டுடைய அணி. எங்கள் மூத்த ஆட்டக்காரர் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. முதல்நாளே பயிற்சியாளரிடம் போனேன். "ஜேரியஸை முதல்லயே எறக்குங்க. வெளிய எடுக்காதீங்க. பாதிப் பாதியா ஆட விட்டா எந்தப் பையன்தான் தேறுவான்? நாளைக்கு ஒருநாள் முழுசா விட்டுப் பாருங்க, அப்புறம் நான் வாயே தெறக்கல," என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சரி என்றார்.

அன்று அவன் ஆடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பந்து வரும் இடமெல்லாம் அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ப்ரெவிட் கையிலிருந்தே இரண்டு முறை பறித்தான். முதல் பாதியில் பதினெட்டு. எனக்கு மேல்வரிசையில் ஒருவர், "இவனையா பெஞ்சுல குந்த வெச்சிருந்தானுங்க?" என்று கத்தினார். திரும்பி அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து பல வருடம் ஆகிறது.

ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதி நடுவில் சிறு இடைவேளை விட்டார்கள். எல்லோரும் பயிற்சியாளரைச் சுற்றி நின்றார்கள். ஜேரியஸ் மட்டும் திரும்பி, ஆறு வரிசை மேலே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான். உள்ளங்கையை விரித்து நெஞ்சின் மேல் வைத்தான். முகம் அவன் அம்மா சொன்ன நிறத்தில் இருந்தது. டாக்டர் பிரிஸ்கோ அவனுக்கு நான்கு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்து ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும்.

புள்ளிப் பலகையைப் பார்த்தேன். அவன் இருபத்தாறு, ப்ரெவிட் பதினேழு. கைவிரல்களை மடக்கி முஷ்டியை அவனுக்கு உயர்த்திக் காட்டினேன். தலையசைத்துவிட்டு உள்ளே போனான்.

நான்கு நிமிடம் ஆடினான். விழுந்தபோது பந்து அவனிடம் இல்லை. தன் பக்கத்துக்குத் திரும்பி ஓடிவந்துகொண்டிருந்தான். கையை ஊன்றாமல் விழுந்தான். பிரிஸ்கோ அவன் நெஞ்சை அழுத்தத் தொடங்கியபோது பதினெட்டாயிரம் பேர் இருந்த கூடத்தில் காலணி உரசும் சத்தம்கூடக் கேட்டது. மின்னதிர்ச்சி மூன்று முறை கொடுத்தார்கள். பத்தொன்பது வயது. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன்.

அடக்கத்துக்கு ஓபலூசஸ் போனேன். யோலாண்ட் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "டாக்டர் நிஜமாவே குதிரை மாதிரின்னு சொன்னாரா?"

"சொன்னாரும்மா. அவரும் மனுஷன்தானே, தப்பு பண்ணிட்டாரு," என்றேன்.

அந்தப் பழியை டாக்டர் தலையில் கட்டியதைத்தான் நீங்கள் பெரிதாகக் குறித்துக்கொள்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்த நேரத்தில் அந்த அம்மாவுக்கு ஏதாவது ஒரு பதில் வேண்டியிருந்தது. அவர் பிரிஸ்கோவுக்கே போன் போட்டுக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிரிஸ்கோ, "எந்த ரெனே?" என்று கேட்டாராம். அங்கிருந்துதான் நீங்கள் வந்தீர்கள்.

ஆக, எனக்குத் தெரியும். ஏப்ரலில் தெரியும், நவம்பரில் தெரியும், அந்த இடைவேளையில் நன்றாகவே தெரியும். மூன்று முறையும் ஒரு வார்த்தை போதும், சொல்லவில்லை. அவனைக் கொன்றது நான்தான். இந்த வார்த்தையையே எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம்.

இன்னொரு விஷயம் உண்டு, அது உங்கள் விசாரணைக்கு வேண்டியதில்லாமல் இருக்கலாம். இந்த மாதம் பத்திரிகைகள் வழக்கம்போல ஒரு பட்டியல் போட்டன. அந்த டிராஃப்ட் இன்று மறுபடி நடந்தால் யார் எந்த இடத்தில் என்று. ஐந்தாம் இடத்தில் ப்ரெவிட் பெயர் இருந்தது. ஜேரியஸ் பெயரை எங்குமே போடவில்லை. செத்தவன் என்பதால் விட்டுவிட்டார்களாம். அந்த ஆசிரியருக்கு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் எழுதுவது நிலைக்கும். அன்று முப்பத்துநான்கு நிமிடத்தில் ஜேரியஸ் முப்பத்தொரு புள்ளி. ப்ரெவிட் முழு ஆட்டமும் ஆடியிருந்தால்கூட அதைத் தொட்டிருக்க மாட்டான். நான் தேர்ந்தெடுத்தது சரியான பையனைத்தான்.