ஊற்றை மூடிய காகிதம்

என் கையெழுத்து அழகாக இருக்கும், ஐயா. எங்கள் தொண்டு நிறுவனத்தில் நிதி விண்ணப்பங்களை எழுதும் வேலை முதலில் என்னிடம் வந்தது அதனால்தான். பிறகு கணினி வந்தது. வேலை என்னிடமே தங்கிவிட்டது.

லோமா செக்கா என்ற ஊருக்கு ஆழ்துளைக் கிணறு கேட்டு எழுதியதும் நான்தான். அறுபத்திரண்டு வீடுகள். பள்ளத்தில் இருந்த ஊற்றுக்குப் பெண்கள் வாளியோடு ஒரு மணி நேரம் இறங்கி ஏறுவார்கள். கிணறு வந்தபின் ஒரு வீடுகூட வேறு தண்ணீர் குடிக்காது என்று விண்ணப்பத்தில் உறுதி கொடுத்தேன். வெளிநாட்டு அறக்கட்டளைக்கு அந்த வரி பிடித்துப்போயிற்று. இது நல்லபடியாக முடிந்தால் பக்கத்து ஒன்பது ஊர்களுக்கும் தருவதாகச் சொன்னார்கள். அதை நீங்கள் மறக்கக் கூடாது.

திட்டம் முடியப் பதினோரு நாள் இருக்கும்போது தலைநகர் மனாகுவாவிலிருந்து ஆய்வுக்கூடத்தின் காகிதம் வந்தது. கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக், அனுமதித்த அளவைப் போல் ஆறு மடங்கு. அது மெதுவான விஷம். ஒரே நாளில் யாரையும் ஒன்றும் செய்யாது.

ஊற்றுத் தண்ணீரை ஒரு புட்டியில் பிடித்து, கிணற்றுத் தண்ணீர் என்று எழுதி அனுப்பினேன். மிக நல்ல தண்ணீர் என்று சான்று வந்தது. அதை அறிக்கையில் இணைத்தேன்.

ஆனால் மெலானியா ஊற்றை விடவில்லை. சோளரொட்டி சுட்டு விற்பவள், வாய் சும்மா இருக்காது.

"இந்தத் தண்ணில காப்பி போட்டா ஆணிய ஊறவெச்ச மாதிரி இருக்கு, லிசென்சியாதா," என்றாள் குழாயடியில். படித்தவளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நீங்களே பம்பைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்குங்க."

அவள் பின்னால் பதினான்கு வீடுகள் பள்ளத்தில் இறங்கத் தொடங்கின. என் வரி பொய்யாகிக்கொண்டிருந்தது.

ஊர்க் கூட்டத்தில் அந்த முதல் காகிதத்தை எடுத்துக் காட்டினேன். ஊற்றில் விஷம் இருக்கிறது என்றேன். ஊதா முத்திரை குத்திய காகிதம். முத்திரையை நம்பாதவர் எங்கள் நாட்டில் இல்லை. எந்தத் தண்ணீர் என்று எழுதியிருந்த இடத்தில் என் கட்டைவிரல் இருந்தது.

"நாலு தலைமுறையா குடிக்கிறோமே!" என்றாள் மெலானியா.

"அந்த நாலு தலைமுறையும் செத்துத்தான போச்சு!" என்றார் பின்வரிசையில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள், மெலானியாவும்தான். மறுநாள் அவர்களே ஊற்றைச் சிமெண்டால் அடைத்தார்கள். அறுபத்திரண்டுக்கு அறுபத்திரண்டு என்று அறிக்கையை முடித்தேன்.

ஐந்தாம் வருடம் பெண்களின் உள்ளங்கையில் கரும்புள்ளிகளும் காய்ப்பும் கண்டன. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்க்கிற கைகள். சுண்ணாம்பு கெட்டது என்று அவர்களாகவே முடிவுகட்டி வியாபாரியை மாற்றினார்கள். என்னைக் கேட்டபோது, சுண்ணாம்பாகத்தான் இருக்கும் என்றேன். சுண்ணாம்பைத் தொடாத குழந்தைகளின் உள்ளங்காலிலும் வந்தபோது, தரையில் சிந்தியிருக்கும் என்றேன். மற்ற ஒன்பது ஊர்களுக்கும் கிணறு கிடைத்துவிட்டது. அங்கெல்லாம் தண்ணீர் சுத்தம்.

பதினோராம் வருடம், போன ஜூனில், சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்து மெலானியா இறந்தாள்.

தெரிந்து செய்தாயா என்கிறீர்கள். அந்தப் பதினோரு நாட்களில் தெரிந்துதான் செய்தேன். அதன்பின் அந்தக் காகிதத்தை அடியோடு மறந்துவிட்டேன். இது சத்தியம்.

மெலானியா இறந்த ஒன்பதாம் நாள் ஜெபத்துக்குப் போனேன். அவள் மகள் யஹைரா காப்பி நீட்டினாள். வேண்டாம் என்றேன். அவள் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"இத்தன வருஷமா வர்றீங்க, போறீங்க. எங்க ஊருல ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கீங்களா, லிசென்சியாதா?"

ஜெபம் நின்றுபோயிற்று. இதை ஒரு சாட்சியமாக நீங்கள் எழுதிக்கொள்வது நியாயமில்லை, ஐயா. லோமா செக்காவுக்குப் போனால் நான் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோவேன். வெறும் பழக்கம். மற்ற ஒன்பது ஊர்களிலும் கொடுத்ததைக் குடிப்பேன்.