டிக்கிக்குள்ள யாரோ மூச்சு விடுறாங்க

இருங்க மாமா, சொல்றேன். கேட்டீங்கன்னா வயிறு வலிக்கச் சிரிப்பீங்க. ஆனா இப்ப இல்ல. மொதல்ல டிக்கிய நல்லாப் பாத்துட்டு வாங்க.

ஒண்ணுமில்லையா? வால்வு இறுக்கமாத்தான் இருக்கா? அப்ப ஸ்ஸ்ஸ்னு எங்கிருந்து வருது? எனக்கென்ன தெரியும், கடலுக்குள்ள முங்குறதுக்கு ஸ்கூபா பழகுறது நீங்க. சரி ஏறுங்க, போவோம்.

அய்யோ, கிண்டல் பண்ணல மாமா! எங்கக்காவக் கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டுப் போனப்பகூட நீங்க இவ்வளவு பதமா வண்டியில ஏத்தல. சிலிண்டரப் படுக்க வெச்சு, உருளாம ரெண்டு பக்கமும் துண்டச் சுருட்டி முட்டுக் குடுத்து, அடியில எங்கம்மாவோட புது மெத்தை வேற. அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? ஏன்டி, மாப்பிள்ளை என்ன பிரசவத்துக்கா கெளம்புறாரு?

அதுக்கு நீங்க, தொண்டையச் செருமிக்கிட்டு: அத்தை, உள்ள இருக்குறது அடைச்ச காத்து. வால்வு ஒடஞ்சா ராக்கெட் மாதிரி பாயும். முங்கும்போது இடுப்புல கட்டுற ஈயக்கட்டி பெல்ட்ட அது மேல வெக்கக்கூடாது. வண்டிய வெயில்ல நிறுத்தக்கூடாது. கண்ணாடியக் கொஞ்சம் எறக்கி விடணும்.

எப்படி, அச்சு அசல் உங்க குரல்தானே? அக்காவே ஒருநாள் ஏமாந்து என்னை என்னங்கன்னு கூப்பிட்டா.

ஸ்ஸ்ஸ்...

மாமா, மறுபடியும்! நிறுத்துங்க, நிறுத்துங்க. மாஸ்க் பெட்டி என் மடியில பத்திரமா இருக்கு, நீங்க போய்ப் பாருங்க. ஈயக்கட்டியெல்லாம் வெளிய எடுத்து வெச்சே பாத்துடுங்க. ஆமாமா, மெத்தையையும் தூக்குங்க.

வந்துட்டீங்களா? சட்டையெல்லாம் வேர்வையில தொப்பலா நனைஞ்சு போச்சே. ஏன் போனையே பாக்குறீங்க, படகுக்காரர் காத்திருப்பாரு. மாட்டாரா? கடல்ல காத்து பலமாகுறதுக்குள்ள கெளம்பிடுவாரா? அடடா.

சரி, அந்தச் சிரிப்பு விஷயம். காலையில நீங்க சிலிண்டரோட மல்லுக்கட்டிட்டு இருந்தப்ப உங்க போன் அடிச்சுது. எடுத்தேன். உங்க குரல்லதான். சொல்லுங்க டாக்டர்னேன். மனுஷன் பொரிஞ்சு தள்ளிட்டாரு. ஏன் சார், இடது காது ஜவ்வுல ஓட்டை இன்னும் மூடல, குளிக்கும்போதே தண்ணி படக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கடலுக்கடியில போலாமான்னு எங்க நர்ஸக் கேட்டீங்களாமே? உள்ள தண்ணி போனா தல சுத்தும் சார், மேல எது கீழ எதுன்னு தெரியாது, அங்கேயே கெடக்க வேண்டியதுதான்.

நான் பவ்யமா, சரிங்க டாக்டர், போகமாட்டேன்னுட்டேன். நீங்க வாக்குக் குடுத்த மாதிரிதான் அது.

அக்காகிட்ட மட்டும், டாக்டரே சரின்னுட்டாருன்னு அளந்து விட்டிருக்கீங்க. நான் நேர்ல கேட்டா? உனக்கென்னடி தெரியும், வாயை மூடிட்டு வண்டியில ஏறுன்னிருப்பீங்க. அக்கா அழுதாலும் நிக்கமாட்டீங்க. டிக்கியில புஸ்ஸுன்னா மட்டும் நடுரோட்டுல பிரேக் போடுறீங்க.

ஸ்ஸ்ஸ்...

இப்ப எங்க கேட்டுச்சு? பின்னாடியா? ஒத்தக் காத வெச்சுக்கிட்டு எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும், பாவம். அதோ பாருங்க, கடல்ல வெள்ளையா ஒண்ணு போகுதே, நம்ம படகுதான். கைய ஆட்டாதீங்க, தெரியாது.

என்ன மாமா, என் வாயையே பாக்குறீங்க?

அப்பாடா. இப்பதான் கண்டுபிடிச்சீங்களா!