அறுபத்தாறு படி

மாடிப்படி ஏறுவது உடம்புக்கு நல்லது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியில் லிஃப்ட் கிடையாது. ஐம்பத்தெட்டு வயதிலும் எனக்கு முழங்கால் வலி வந்ததில்லை. விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும் படி என்றதும் ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்தப் பல்கலைக்கழகத்தில் வாகனத் தரிப்பிட அனுமதி கொடுப்பவன் நான். மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டையும் என் கையால்தான் போக வேண்டும். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தின் பக்கத்தில் வாகனம் நிறுத்த இருப்பது நான்கே இடம். அட்டை கேட்பவர்களோ நாற்பது பேர். ஒருவருக்கு முதுகு, ஒருவருக்கு மூச்சு. டொக்டரின் கடிதம் வாங்குவது வெள்ளவத்தையில் வடை வாங்குவதைவிடச் சுலபம். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நானில்லை.

என் அப்பா றொபேட் துறைமுகத்தில் வேலை செய்தவர். பெட்டி விழுந்து வலது பாதம் நசுங்கியது. அந்தக் காலோடு பத்தொன்பது வருடம் வேலைக்கு நடந்தே போனார். அவருக்கு எவன் அட்டை கொடுத்தான்?

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். கீழே இருந்த என் அலுவலகத்தை மூன்றாம் மாடிக்கு மாற்றித் தரும்படி நானே எழுதிக் கேட்டேன். காற்றோட்டம் போதாது என்று காரணம் போட்டேன். அந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் இல்லை. விண்ணப்பிப்பவர் நேரில் வந்து என் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது எனக்கு முன்பே இருந்த விதி. அறுபத்தாறு படி. ஏறி வந்தவருக்கு அட்டை தேவையில்லை. ஏற முடியாதவர் வரவில்லை. ஆறு வருடமாக அந்த நான்கு இடங்களும் வெறுமையாக, துப்புரவாகக் கிடந்தன; பார்க்கவே அழகு.

யூஜினா மிஸ் இரசாயனவியல் விரிவுரையாளர். இதய வால்வில் கோளாறு என்று கடிதம் வைத்திருந்தார். ஒரு மணிநேரம் நின்று பாடம் எடுப்பவர். எனக்குச் சந்தேகம் வராதா? மூன்று முறை தொலைபேசியில் கேட்டார். மூன்று முறையும் நேரில் வரச் சொன்னேன். போன செவ்வாய்க்கிழமை வந்தார்.

கடைசித் திருப்பத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் மேலே கைபிடியில் சாய்ந்து நின்றேன்.

"கிளைவ், மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்கு. விண்ணப்பப் போமைக் கீழ கொண்டு வாங்கோ, இதிலயே சைன் பண்ணுறன்."

"இன்னும் பதினொரு படிதான் மிஸ். ஆறுதலா வாங்கோ."

எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் டில்ஷானி மிஸ்ஸை உட்கார வைக்க ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"பொறு பிள்ளை. உண்மையோ நடிப்போ எண்டு இப்ப தெரிஞ்சிடும்."

அவள் அழுதுகொண்டே அம்புலன்ஸுக்குப் போன் எடுக்கப் போனாள். போனை வாங்கி என் சட்டைப் பையில் வைத்தேன். பதினைந்து நிமிடம் போயிருக்கும். மிஸ் கம்பியைப் பிடித்து எழுந்து இரண்டு படி ஏறினார். பிறகு கை வழுக்கி விழுந்தார். அதற்குப் பின் அசையவில்லை.

டில்ஷானி உங்களிடம் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. புதுக்கடை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் நீதவான் முன் நிறுத்தினாலும் இதையேதான் சொல்வேன். நாளைக்கு வேறொருவர் வந்தாலும் இதையேதான் செய்வேன்.

ஆனால் ஈரமில்லாதவன் என்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மிஸ்ஸால் ஏற முடியாது என்பது உறுதியானதும் நேராக மேசைக்குப் போய், 'தகுதி உண்டு' என்று எழுதி முத்திரை குத்தினேன். மிச்சமிருந்த ஒன்பது படியையும் நானே இறங்கிப் போய் அட்டையை அவர் கையில் வைத்தேன். ஆறு வருடத்தில் நான் கொடுத்த முதல் அட்டை அது. கையெழுத்து இல்லாத குறையைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை.