விதைப் பானையில் மாத்திரை

கண்ணமங்கலத்திலிருந்து சந்தவாசல் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் மலையிலிருந்து வந்த புருஷனும் பெண்டாட்டியும். அவள் மடியில் மருந்துக்கடைப் பொட்டலம். அரை பஸ்ஸுக்குக் கேட்கும்படி அவர் கத்தினார்.

“பயம் தெளிய தினம் ஒண்ணு போடச் சொன்னாரு டாக்டரு. நீ அத்தினியும் சாமை வெதைப் பானையில போட்டு வெச்சிக்கீறியே, மொளைக்கவா போவுது?”

“அது விக்கிற வெலைக்கு தினம் முழுங்க மனசு வருமாங்க? பெரிய பயமா வந்தா போட்டுக்கலாம்னு வெச்சேன்.”

“மரத்துல கீற பிஞ்சுப் புளியையே பாதி வெலைக்கு வித்து வாங்கியாந்தேன். போடாம எப்பிடி படபடப்பு நிக்கும்?”

“நின்னுதுங்க. பானையில கீதுன்ற தைரியத்துலயே நல்லா தூங்கினேன்.”

“அப்புறம் இன்னாத்துக்கு இன்னைக்கு மறுபடியும் டாக்டரு, மாத்திரை?”

“வெள்ளிக்கெழமை எண்ணிப் பாத்தேன், நாலு கொறையுது. அதுலேர்ந்து திரும்பவும் அடிச்சிக்குது. வூட்ல நீங்களும் நானும்தானே கீறோம்?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தணிந்த குரலில் சொன்னார்:

“புளியை வித்த நாள்லேர்ந்து எனக்கும் தூக்கம் வரல, மே.”