நான்காம் மாடி கவுண்ட்டர்

எனக்கு லிப்டில் ஏறினால் தலை சுற்றும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அலுவலகத்தில் ‘படிக்கட்டு சார்’ என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

பேருந்துக் கழகத்தில் ஓய்வூதியப் பிரிவின் மேலாளர் நான். ஓட்டுநர்களுக்கு வயதான காலத்தில் கொடுக்க வேண்டிய பணத்தை, அவர்கள் வேலையில் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் யாரும் வைக்கவில்லை. அன்றைக்குச் சமாளித்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். அதனால் ஓய்வூதியத்தை அன்றாட வசூலிலிருந்தே கொடுக்க வேண்டியதாகி டிக்கெட் விலை ஏறியது, ஊர் மக்களுக்கு வரி ஏறியது, இப்போது வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் சம்பளம் ஏறவில்லை. தலைமை அதிகாரி என்னைக் கூப்பிட்டு, “ஏதாவது பண்ணுங்க” என்றார். என்ன பண்ண வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்மேல் பழி போட நான் விரும்பவில்லை.

ஓய்வு பெற்றவர்கள் வருடத்துக்கு ஒரு முறை நேரில் வந்து, உயிரோடு இருப்பதற்குச் சான்றாக முகம் காட்டிவிட்டுப் போக வேண்டும். வராதவருக்குப் பணம் நின்றுவிடும். தரைத்தளத்தில் இருந்த அந்தக் கவுண்ட்டரை நான்காம் மாடிக்கு மாற்றினேன். கீழே சுவரில் ஈரம் என்று காரணம் காட்டினேன். ஈரம் இருந்தது உண்மைதான். பிறகு முகம் காட்டும் மாதத்தை நல்ல வெயில் காலத்துக்கு மாற்றினேன். பிறகு லிப்ட் பழுதானது.

பாதிப் பேர் எப்படியோ ஏறிவிட்டார்கள். முட்டி தேய்ந்தவர்கள் இரண்டாம் மாடியோடு திரும்பினார்கள். சிலர் கீழேயே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் யாரையும் விரட்டவில்லை. மேலே வந்து சேர்ந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர்கூட வைக்கச் சொல்லியிருந்தேன்.

என் மாமனாரும் எங்கள் வண்டி ஓட்டியவர்தான். இதயம் பலவீனம்.

“அப்பாவ மட்டும் கீழயே பாத்து முடிச்சுடுங்களேன்” என்றாள் என் மனைவி.

“உங்கப்பாவுக்குத் தனிச் சட்டமா? நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?” என்றேன். நியாயமாகத்தான் பேசினேன்.

பக்கத்தில் இருந்த மாமனார் சிரித்தார். “விடும்மா. நம்மால மாப்பிள்ளைக்குக் கெட்ட பேர் வேணாம். நான் உயிரோட இருக்கேனான்னு உங்கம்மாவுக்கே சந்தேகம். ஏறியே காட்டிடுறேன்.”

ஏறினார். மூன்றாம் மாடித் திருப்பத்திலிருந்து, “மாப்ள, இதோ வந்துட்டேன்” என்ற குரல் கேட்டது. அடுத்து, அவர் படியில் சரிந்து விழுந்த சத்தம். யாரோ, “லிப்டப் போடுங்கப்பா” என்றார்கள். “பழுது” என்றேன். அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நான்கு பேர் படிக்கட்டு வழியாகத் தூக்கிப் போனார்கள். அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டு நான் பின்னால் இறங்கினேன். தரைக்கு வருவதற்குள் உயிர் போய்விட்டது.

“நீங்க சட்டத்த மீறாம நின்னீங்க. அப்பாவுக்கு அதுல பெருமைதான்” என்று என் மனைவி எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

லிப்ட் பழுதாகவே இல்லை, ஐயா. நான்தான் பூட்டி வைத்தேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அவர் கூப்பிட்டபோதும் இருந்தது, நாற்காலிக்குப் பின்னால் இறங்கியபோதும் இருந்தது. திறந்திருந்தால், அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அத்தனை கிழவர்களுக்கும் விஷயம் தெரிந்துபோயிருக்கும்.

லிப்ட் எனக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால்தான் அந்த நேரத்தில் சாவியின் நினைவே வரவில்லை என்று முதல் விசாரணையில் சொன்னேன். அதை நானே நம்பிக்கொண்டும் இருந்தேன். இன்று உங்கள் காவலர் என்னை இந்த ஏழாம் மாடிக்கு லிப்டில்தான் கூட்டி வந்தார்.

தலை சுற்றவில்லை.